ஐந்தாம் கால்

சென்னைக் கரையோரக் கருவாட்டுக் கூடைகளில் விலை வைத்து விற்கிற கடலுயிர்களில் ஆகச் சிறியது சென்னாக்கூனி. கொசுவலை போன்ற நெருக்கமான வலையில் அள்ளி, மணலிலேயே காயப்போட்டு, படியால் அளந்து விற்பார்கள். வெறும் சட்டியில் வறுத்துத் துவையல் அரைக்கலாம், கத்தரிக்காயோடு போட்டு வதக்கலாம். இலங்கையில் இதைக் கூனி என்றே சொல்லிச் சம்பல் இடிக்கிறார்கள். மலேசியாவில் புளிக்கவைத்துக் கட்டியாக்கினால் பெலாச்சான். "இறா குஞ்சா இது?" என்று கேட்ட ஒருவருக்குச் சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கத்துக் கருவாட்டுக்கார ஆயா ஒருத்தி பதில் சொன்னாள்: "குஞ்சு இல்ல கண்ணு, அது வளந்ததே அவ்ளோதான்."

ஆயா சொன்னது விலங்கியலின்படி சரி. சென்னாக்கூனியில் பெரும்பகுதி அசிட்டீஸ் என்ற பேரினம். கங்கை முகத்துவாரத்திலிருந்து கிடைத்த மாதிரியை வைத்து அசிட்டீஸ் இண்டிகஸ் என்று 1830இல் பெயர் வைத்தவர் பாரிஸில் இருந்த மில்ன் எட்வர்ட்ஸ். முழுதாக வளர்ந்து முட்டை போட்டுச் சாகும் வயதிலும் அது நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது. இறாலுக்குத் தூரத்து உறவே தவிர இறாலின் பிள்ளை அல்ல.

சென்னாக்கூனிக்குக் கீழே விலை இல்லை. விலை இல்லாததால் கரையில் பெயரும் இல்லை. ஆனால் கடலில் இறால், நண்டு வகையறாவின் பெருங்கூட்டம் தொடங்குவதே அந்த இடத்தில்தான். அசிட்டீஸைவிடப் பத்து மடங்கு, இருபது மடங்கு சிறியவை அவை. கோவளத்தில் ஏலம் போகிற நெத்திலியும் கவலையும் கானாங்கெளுத்தியும் அவற்றைத் தின்றுதான் உடம்பு வளர்க்கின்றன. மீனுக்கு விலை சொல்லும்போது நாம் அவற்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம், தெரியாமல்.

அவற்றைப் பார்க்க வேறு வலை வேண்டும். வாய் அகன்று வால் குறுகிய கூம்பு, நைலான் துணி, கடைசியில் ஒரு சிறு வாளி. துணியின் கண் 200 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒன்று. ஃபைபர் போட்டில் ஐந்தாறு பாகம் ஆழத்துக்குப் போய், எஞ்சினை மெதுவாக்கி, சில நிமிடம் இழுத்தால் போதும். வாளியில் சேர்வது ஜவ்வரிசிக் கஞ்சி போன்ற ஒரு குழம்பு. அதில் ஃபார்மலின் ஊற்றிக் கரைக்குக் கொண்டுவந்து ஒரு துளியை நுண்ணோக்கியின் அடியில் வைத்ததும் கஞ்சி கலைந்து தனித்தனி உடல்களாகிறது.

பெரும்பாலும் பாதிக்கு மேல், சில சமயம் பத்தில் ஒன்பது, கோபிபாட்கள். தமிழ்ப் பாடநூல்கள் துடுப்புக்காலி என்கின்றன. நீள்வட்ட உடல், முன்னால் உடம்பளவுக்கு நீண்ட இரண்டு உணர்கொம்பு, நெற்றி நடுவில் ஒரே ஒரு சிவந்த கண். உயிரோடு பார்க்கக் கிடைத்தால் அது நீந்துகிறது என்று சொல்ல மனம் வராது. சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நீர் கொஞ்சம் அசைந்தால் சில மில்லிசெகண்டில் உதைத்து இருந்த இடத்தில் இல்லாமல் போகும். ஒரு நொடி அதே வேகம் நீடித்தால் தன் உடல் நீளத்தைப்போல் சில நூறு மடங்கு தூரத்தைக் கடந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை உதைக்கும் அது நீடிப்பது நொடியில் ஒரு சிறு பங்குதான். அதற்குள் நெத்திலியின் வாய் வேறெங்கோ மூடியிருக்கும்.

துளியில் மற்றவர்களும் இருக்கிறார்கள். கோரிகேயஸ் ஒற்றைக் கண்ணோடு திருப்திப்படாமல் நெற்றியில் இரண்டு பெரிய வில்லைகளை வைத்துக்கொண்டு தொலைநோக்கி போட்டு அலைகிறது. நீர்ப்பரப்பை ஒட்டி வாழும் பொன்டெல்லா குடும்பத்தவை நீல நிறம். அவற்றில் சில, மீன் துரத்தினால் நீரை விட்டு வெளியே எம்பிக் குதித்து வேறிடத்தில் விழும். சஃபைரினா ஆண், தட்டையாகக் காகிதத் துண்டு மாதிரி. தோலுக்கடியில் குவானின் படிகங்கள் அடுக்கடுக்காக இருப்பதால் ஒளி ஒரு கோணத்தில் பட்டால் நீலமாய்ச் சுடரும், உடல் திரும்பினால் கண்ணாடியாகிக் காணாமல் போகும். ஆஸ்ட்ரகாட் இரண்டு ஓட்டுக்குள் முடங்கிய இறால், பார்த்தால் மட்டி. மைசிட் தன் குட்டிகளை வயிற்றுப் பையில் சுமக்கிறது. நிமிர்ந்திருக்கிறோமா கவிழ்ந்திருக்கிறோமா என்று உணர்த்தும் கல்லை வால் செதிலில் வைத்திருக்கிறது. நன்னீரில் நூற்றுக்கணக்கில் இனம் பெருக்கிய நீர்த்தெள்ளு வகையான கிளாடோசெராவில் கடலுக்கு வந்து நிலைத்தவை எட்டு இனம் மட்டுமே. அவற்றில் ஒன்றான பெனீலியா சில வாரங்கள் கரைநீர் முழுக்கத் தானே என்பதுபோல் நிறைந்து, பிறகு அடியில் முட்டையை விட்டுவிட்டுக் காணாமல் போகும். எவாட்னே அதைவிட அவசரக்காரி. தாய் வயிற்றில் இருக்கும் கருவுக்குள்ளேயே அடுத்த தலைமுறைக் கரு தொடங்கியிருக்கும்.

ஊசிபோல நீண்ட கழுத்தோடு கண்ணாடி உடம்பாக வரும் லூசிஃபரையும் சொல்ல வேண்டும். நம் கரையில் அடிக்கடி கிடைப்பது லூசிஃபர் ஹான்செனி. 2016இல் வகைப்பாட்டாளர்கள் அந்தப் பேரினத்தை இரண்டாகப் பிரித்தபோது இது பெல்செபப் ஹான்செனி ஆயிற்று. ஒரு சாத்தானிடமிருந்து இன்னொரு சாத்தானுக்கு மாறுதல். ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள ஓர் அப்பாவி உயிருக்கு இவ்வளவு நரகம் எதற்கென்று தெரியவில்லை.

இவர்களுக்கு நடுவில் பிள்ளைகளும் கலந்திருக்கின்றன, சிக்கல் அங்கேதான். முதுகில் நீண்ட முள்ளோடு நண்டின் சோயியா, இறாலின் நாப்ளியஸ், பாறையில் ஒட்டுவதற்கு இடம் தேடி அலையும் பார்னக்கிளின் இளம்புழு எல்லாமே அதே அளவு. இவை வளர்ந்து வேறு உருவெடுத்து வேறிடம் போய்விடும். கோபிபாடுக்கு வேறிடம் இல்லை. அதுவும் ஒற்றைக்கண் நாப்ளியஸாகவே பிறந்து, ஆறு முறை அந்த நிலையில் உருமாறி, பிறகு ஐந்து இளநிலைகளைக் கடந்து பெரியதாகும். வெப்பக்கடலில் இதற்கு ஒன்றிரண்டு வாரம் போதும். ஆகவே துளிக்குள் ஒரே அளவில் கிழவியும் குழந்தையும் அருகருகே கிடக்கும். யார் வளர்ந்தவர், யார் வளரப்போகிறவர் என்று ஆயா மாதிரி பார்த்ததும் சொல்ல நுண்ணோக்கிக்காரருக்கு வருடங்கள் ஆகும்.

வளர்ந்தவர் என்று தெரிந்தபின் எந்த இனம்? பார்வைக்கு எல்லாம் அரிசி. விடை இருப்பது ஐந்தாம் காலில்.

கலனாய்டு வகைக் கோபிபாடுக்கு மார்பில் ஐந்து இணைக் கால்கள். முதல் நான்கும் நீந்த. ஐந்தாவது இணை நீச்சலைக் கைவிட்டுக் கலவிக்குப் போய்விட்டது. ஆண் தன் வலது உணர்கொம்பை முழங்கைபோல் மடக்கிப் பெண்ணைப் பிடிக்கும். பிறகு ஐந்தாம் காலின் ஒரு பக்கத்துக் கிடுக்கியால் உடலைப் பற்றிக்கொண்டு மறுபக்கத்தால் விந்துக் குப்பியைக் கொண்டுபோய் ஒட்டும். அதனால் இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்காது. பெண்ணிடம் அதே கால் சுருங்கி ஒரு முள்ளாகவோ குச்சியாகவோ நிற்கும், சிலவற்றில் அதுவும் இல்லை. இனத்துக்கு இனம் முள்ளின் நீளம், வளைவு, பல், பக்கத்தில் ஒரு மயிர் என்று வேறுபடும். அக்கார்ட்டியா பேரினத்தில் எரித்ரேயா, ஸ்பினிகாடா, சவுத்வெல்லி மூன்றும் இந்தக் கரையோரத்தில் கிடைப்பவை. மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ஒரு மில்லிமீட்டர் உடலைக் கிளிசரின் துளியில் கிடத்தி, இரண்டு ஊசியால் ஐந்தாம் காலைப் பிய்த்தெடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு வரைய வேண்டும்.

வெப்பக்கடலின் பன்மை என்று நாம் வாய்நிறையச் சொல்வது கையில் கிடைக்கும்போது இந்த அளவில்தான் கிடைக்கிறது. உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட கோபிபாட் இனங்கள் 13,000க்கு மேல். ஆர்க்டிக் கடலில் இழுத்த வலையில் இரண்டு மூன்று கலானஸ் இனங்களே எடையின் பெரும்பகுதியாக இருக்கும். வங்கக் கடலில் எந்த ஒன்றும் அவ்வளவு தூரம் கோலோச்சுவதில்லை. சின்னச் சின்னதாகப் பலர், ஒவ்வொருவரும் கொஞ்சம். பவளப்பாறையின் பன்மையைக் கண் பார்த்துவிடும். இதைக் கண்டறியக் காலைப் பிய்க்கும் பொறுமை வேண்டும்.

அப்படிப் பொறுமையாக உட்கார்ந்தவர்களின் வரிசை ஒன்று நம் கடலுக்கும் உண்டு. முன்னோடியாக நேப்பிள்ஸ் ஆய்வு நிலையத்தில் கீஸ்பிரெக்ட் 1892இல் வெளியிட்ட பெருநூல் இருந்தது. அதன் படத்தட்டுகளை இன்றும் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். 1903இல் தாம்ஸனும் ஸ்காட்டும் மன்னார் வளைகுடா முத்துப்படுகைகளின் கோபிபாட்களைப் பற்றி எழுதினார்கள். இலங்கை அரசுக்கு ஹெர்ட்மன் தயாரித்த முத்துக்குளிப்பு அறிக்கையின் ஒரு பகுதி அது. முத்து ஏன் குறைந்தது என்று கேட்கப் போனவர்கள் கூடவே இவற்றையும் எண்ணி வைத்தார்கள்.

பிறகு வந்தவர் ராபர்ட் பெரஸ்ஃபோர்ட் சீமோர் சிவெல். தொழிலால் இராணுவ மருத்துவர். இன்வெஸ்டிகேட்டர் என்ற அளவைக் கப்பலில் மருத்துவரும் அவரே, இயற்கையியலாளரும் அவரே. வங்கக் கடல் மேல்நீர்க் கோபிபாட்களைப் பற்றி 1912இல் எழுதத் தொடங்கினார். 1929லும் 1932லும் கல்கத்தாவிலிருந்து இந்தியக் கடல்களின் கோபிபாட்கள் குறித்த பெருந்தொகுதிகளைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டுகளில் இந்திய விலங்கியல் அளவைத் துறைக்கு இயக்குநராகவும் இருந்தார். அக்கார்ட்டியா சவுத்வெல்லி அவர் 1914இல் வைத்த பெயர், முத்துக்குளிப்புத் துறையில் இருந்த சவுத்வெல்லின் நினைவாக. கழிமுகங்களில் வாழும் சூடோடயாப்டமஸ் அன்னண்டேலி 1919இல், தனக்கு முன் அத்துறைக்கு இயக்குநராக இருந்த அன்னண்டேலின் நினைவாக. துரைமார் ஒருவர் பெயரை ஒருவர் பூச்சிக்கு வைத்துக்கொண்டார்கள் என்று சிரிக்கலாம். ஆனால் அவர் வரைந்த கால்கள் நூறாண்டு கழித்தும் பொய்க்கவில்லை. அவரைக் காலனிய அதிகாரி என்ற ஒரே பெட்டியில் போட்டு மூட எனக்கு மனம் வரவில்லை.

சென்னையிலும் இந்தக் கை இருந்தது. 1931இல் மேனன் சென்னைக் கடலின் மிதவை உயிர்களுக்கு முதற்கட்டக் கணக்கொன்றை எழுதினார். 1951இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ணசாமி, நீரை விட்டுவிட்டு மணலைக் கிளறி, சென்னைக் கரை மணலில் வாழும் மூன்று புதிய கோபிபாட் இனங்களை வெளியிட்டார். 1959இல் நாகப்பன் நாயர் சென்னைக் கரையின் ஆம்பிபாட்களைப் பற்றி எழுதியதை அரசு அருங்காட்சியகம் தன் இதழில் போட்டது. ஆம்பிபாட் என்பது பக்கவாட்டில் தட்டையானது. பாசியிலும் படகடியிலும் ஈர மணலிலும் இருப்பது. சென்னையிலிருந்து புறப்பட்டுச் சதுரங்கப்பட்டினம் வரை ஒரே மணற்கரை என்பதால் அந்தப் பட்டியல்களில் கோவளத்துக்காரர்களும் இருப்பார்கள்.

ஆனால் வலைக்கண்ணைப் பற்றியும் பேச வேண்டும். 1960 முதல் 1965 வரை பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து நடத்திய பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வில் எல்லோரும் ஒரே வலையைப் பயன்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கண் 330 மைக்ரான். மாதிரிகளெல்லாம் கொச்சிக்கு வந்து, அங்கே தொடங்கிய உயிரியல் மையத்தில் வகை பிரிக்கப்பட்டன. அவ்வளவு பெரிய கூட்டுழைப்பு அதற்கு முன் இந்தக் கடலில் நடந்ததில்லை. ஆனால் அந்தக் கண்ணில் அரை மில்லிமீட்டர் நீளமும் அதைவிடக் குறைந்த அகலமும் உள்ள ஒய்தோனா என்ற கோபிபாட் எளிதாக நழுவிவிடும். 200 மைக்ரானிலும் கணிசமாகப் போய்விடும். ஒய்தோனாதான் உலகக் கடல்களிலேயே முக்கியமான கோபிபாடோ என்று 2001இல் ஓர் ஆய்வுக் கட்டுரை தலைப்பிலேயே கேட்டது. அதுவரை வலையில் வந்ததையே கடல் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். கரையில் விலை செய்யும் வேலையைக் கப்பலில் வலைக்கண் செய்திருக்கிறது.

கோவளத்தின் விசேஷம் கடல் மட்டுமல்ல, அதன் பின்னால் கிடக்கும் முட்டுக்காட்டு உப்பங்கழியும்தான். ஈ.சி.ஆர். பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் முகத்துவாரம், மறுபக்கம் படகுத்துறையும் பக்கிங்காம் கால்வாயும். பள்ளிக்கரணையின் வடிகால் ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் இறங்கிக் கடைசியில் இங்கே வந்துதான் கடலில் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் மணல்திட்டை உடைத்துக்கொண்டு போகும். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். அடைபட்ட கழி வெயிலில் காய்ந்து கடலைவிட உப்பாகும். பக்கத்தில் கேளம்பாக்கம் உப்பளங்களில் இன்னும் கடுமை. அந்தக் கரிப்பில் ஆர்ட்டிமியா என்ற உப்பு இறாலைத் தவிர அதிகம் பேர் தாக்குப்பிடிப்பதில்லை. ஆக, நன்னீரிலிருந்து உப்புப் படிகம் வரை எல்லாப் படிகளும் சில கிலோமீட்டருக்குள் இங்கே இருக்கின்றன; படிக்கொரு குடியும் இருக்கிறது.

கடலும் சும்மா இருப்பதில்லை. மாசிக்குப் பிறகு கரையோர ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். ஐப்பசி வாக்கில் திரும்பி, கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா கொட்டிய உப்புக் குறைந்த நீரை வடக்கிலிருந்து இழுத்துக்கொண்டு தெற்கே வரும். வாடைக் காலத்தில் வலையில் வரும் கூட்டமும் பங்குனியில் வரும் கூட்டமும் அதனால் வேறு. அக்கார்ட்டியாவில் சில, நிலைமை சரியில்லாதபோது ஓய்வு முட்டைகளை இடும். அவை சேற்றில் புதைந்து கிடந்து, நீர் சரியானதும் பொரிக்கும். குளிர்க்கடல் சேறுகளில் பல பத்தாண்டுகள் கிடந்த முட்டைகூடப் பொரித்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆகையால் ஒரு நாள் இழுத்த வலையை வைத்து இங்கே இத்தனை இனம் என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. அன்று வந்தவர்கள் இவ்வளவு பேர், அவ்வளவே.

இந்தச் சிறு உடல்கள் தினமும் கோடிக்கணக்கில் மனிதத் தொழிலின் குழாய்களுக்குள்ளும் போய் வருகின்றன. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். கோவளத்துக்குச் சற்று வடக்கே தொடங்கித் தெற்கே நடந்தால் மூன்று இடங்கள்.

முதலில் முட்டுக்காடு. 1987இல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் கழியோரத்தில் இருக்கிறது. கொடுவா மீனை 1997இல் செயற்கையாக இனப்பெருக்கம் செய்ய வைத்த நிறுவனம் அது. பொரித்த கொடுவாக் குஞ்சுக்கு வாய் மிகச் சிறியது. அசையும் இரைதான் கண்ணில் படும். முதலில் ரோட்டிஃபர், பிறகு ஆர்ட்டிமியா நாப்ளியஸ். இந்தக் கரையில் மரக்காணம் வரை வரிசையாக உள்ள இறால் பொரிப்பகங்களும் ஆர்ட்டிமியாவை நம்பியே ஓடுகின்றன. அதன் உலர்ந்த முட்டைகள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்பேரியிலிருந்து டப்பாவில் வருவது வழக்கம். கேளம்பாக்கத்தில் ஆர்ட்டிமியா இருக்கும் ஊரில் யூட்டாவிலிருந்து ஆர்ட்டிமியா! வணிகத்துக்கு அளவும் தரமும் நிச்சயமாக வேண்டும், அது புரிகிறது. இருந்தாலும் சிரிப்பு வருகிறது. கடலில் கொடுவாக் குஞ்சு இயல்பாகத் தின்பது கோபிபாட் நாப்ளியஸை. மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பமிலங்கள் அதில் தானாகவே இருக்கின்றன. ஆர்ட்டிமியாவுக்கு அவற்றைத் தனியாக ஊட்டிவிட்டுத்தான் குஞ்சுக்குப் போட வேண்டும். அதனால்தான் சூடோடயாப்டமஸ் அன்னண்டேலியைத் தொட்டியில் வளர்க்கும் முயற்சிகள் ஆசியாவில் பல இடங்களில் நடக்கின்றன.

இரண்டாவது நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளுக்கு 10 கோடி லிட்டர், 2013இல் தொடங்கியது. 2024இல் பக்கத்தில் 15 கோடி லிட்டர் ஆலை சேர்ந்தது. இரண்டும் முழு அளவில் ஓடினால், குடிக்கக் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கடலிலிருந்து உறிஞ்ச வேண்டும். மீதி உப்புக் கூடிய நீராகத் திரும்பிப் போகும். உறிஞ்சும் நீரில் சிறு உயிர்கள் இல்லாமல் இருக்காது. சவ்வை அடைக்கும் என்பதால் முன்னாலேயே வடிகட்டியில் பிடித்துவிடுவார்கள். அங்கே அவற்றுக்குப் பெயர் திடப்பொருள், அளவு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். சென்னையில் குழாயைத் திறக்கிற எவருக்கும் இந்த ஆலையைக் குறை சொல்லும் தைரியம் எளிதில் வராது, எனக்கும்தான். ஆனால் அந்த மில்லிகிராமுக்குள் எந்தெந்த ஐந்தாம் கால்கள் இருக்கின்றன என்று மாதாமாதம் ஒருவர் பார்த்து எழுதலாம். அதற்கு ஆகும் செலவு ஆலையின் கணக்கில் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, மாமல்லபுரத்தையும் தாண்டிக் கல்பாக்கம். சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் ஓடினால் அவற்றைக் குளிர்விக்க நொடிக்கு 35 கன மீட்டர் கடல்நீர் வேண்டும், நாளுக்கு 300 கோடி லிட்டருக்கு மேல். கடலடிக்குக் கீழே தோண்டிய 468 மீட்டர் சுரங்கம் வழியாக அது வருகிறது. கோபிபாட் உள்ளே போய்ச் சூடுபட்டுக் குளோரின் பட்டு வெளியே வரும், உயிரோடோ இல்லாமலோ. பார்னக்கிள் அப்படிப் போய்விடுவதில்லை. அதன் இளம்புழு சுரங்கச் சுவரைத் தொட்டுப் பார்த்து, பிடித்திருந்தால் தலையை ஒட்டிக்கொண்டு ஓட்டைக் கட்டத் தொடங்கிவிடும். ஓடும் நீர் தினமும் சோறு கொண்டுவரும். அதைவிட நல்ல வீடு எது? உலை ஓடத் தொடங்கிய 1980களிலேயே சுரங்கத்துக்குள் பார்னக்கிளும் பச்சை மட்டியும் படிந்து நீரோட்டத்தைக் குறைத்தன. எந்த இனம் எந்த மாதத்தில் வந்து ஒட்டுகிறது என்பதை அறிய விஞ்ஞானிகள் கண்ணாடிப் பலகைகளைக் கடலில் தொங்கவிட்டு வருடக்கணக்கில் குறித்தார்கள். இந்தக் கரையின் சிறு உயிர்களைப் பற்றி இடைவிடாத நீண்ட பதிவுகள் இருக்கின்றன என்றால், அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது அந்த அடைப்புக்கு. தொல்லை கொடுத்தவனைத்தான் கவனித்தோம்.

இந்த மூன்று இடத்திலும் உள்ளவர்கள் கெட்டவர்கள் இல்லை. தீவனம், திடப்பொருள், அடைப்பு என்று அவரவர் வேலைக்கு வேண்டிய அளவில் பார்க்கிறார்கள். நான் கவலைப்படுவது கடலைப் பார்ப்பதே வேலையாக இருக்கும் இடங்களைப் பற்றி. மிதவை உயிர் அளவு என்று ஆயிரம் கன மீட்டருக்கு இத்தனை மில்லிலிட்டர் என எழுதும் அறிக்கைகள் குவிகின்றன. இனப்பட்டியல் இருந்தால் அதில் பராகலானஸ் பார்வஸ் என்ற கோபிபாட் இருக்கும். அது 1863இல் வட ஜெர்மனியின் ஹெல்கோலாண்ட் தீவுப் பக்கத்தில் பிடித்ததற்கு வைத்த பெயர். குளிர்ந்த வடகடல் பூச்சியும் முப்பது பாகை கோவளம் நீரில் இருப்பதும் ஒரே இனமா? பார்வஸ் என்ற ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பது மரபணு வழியாகத் தெரிந்துவிட்டது. கையேட்டில் அருகில் கிடைத்த படத்தைப் பார்த்து ஒருவர் எழுதினார், அவரைப் பார்த்து அடுத்தவர். அப்படிப் பட்டியல் நீளும், அறிவு நீளாது.

மரபணு பார்த்தால் போதுமே, கால் எதற்கு என்று இப்போது கேட்கிறார்கள். ஒரு வாளி நீரை வடிகட்டி அதிலுள்ள எல்லா உயிரின் எழுத்தையும் ஒரே ஓட்டத்தில் படிக்கும் முறை வந்துவிட்டது. நல்ல முறை. வலைக்கண்ணில் நழுவியவர்கள்கூட அதில் சிக்குகிறார்கள். ஆனால் வரும் எழுத்து யாருடையது என்று சொல்ல, பெயர் தெரிந்த ஓர் உடலிலிருந்து முன்பே எடுத்து வைத்த எழுத்து இருக்க வேண்டும். அந்த உடலுக்குப் பெயர் சொல்லக் காலைப் பிய்த்துப் பார்த்த ஒருவர் இருந்தாக வேண்டும். வெப்பக்கடல் உயிர்களில் எத்தனையோ எழுத்துகள் பெயரில்லாமல் எண்ணாக மட்டும் நிற்கின்றன. மூன்றாண்டுத் திட்டத்தில் வருகிற ஆய்வு மாணவர் ஊசி பிடிக்கப் பழகும்போதே திட்டம் முடிந்துவிடுகிறது. சிவெல் முதல் கட்டுரைக்கும் பெருந்தொகுதிக்கும் நடுவில் பதினேழு வருடம் எடுத்துக்கொண்டார். அவ்வளவு காலம் இன்று யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை.

மணலையும் விட்டுவிட முடியாது. கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. கரை சுத்தமாக இருக்கிறது, குளிக்கும் நீர் சோதிக்கப்படுகிறது, மகிழ்ச்சி. அலை வந்து திரும்பும் ஈரத்தில் காலால் கிளறினால் பின்பக்கமாகப் புதைந்து ஓடும் முட்டை வடிவ மணல்நண்டு எமெரிட்டா. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சுப்பிரமணியம் அதன் வாழ்க்கையை ஆராய்ந்து 1981இல் எழுதினார்: மூன்றரை மில்லிமீட்டரிலேயே ஆணாக முதிர்ந்துவிடுகிறது, வளர்ந்து ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் ஆகும்போது பெண்ணாகிவிடுகிறது. தன்னைவிடப் பலமடங்கு பெரிய பெண்ணின் மேல் ஒட்டியிருக்கும் பொடி ஆணைக் குழந்தை என்று நினைத்தால் தப்பு. சில காலம் கழித்து அதுவே பெண். மணல்துகளுக்கும் துகளுக்கும் நடுவில் உள்ள நீரில் இன்னும் சின்னவர்கள், கிருஷ்ணசாமி 1951இல் கண்டவர்களின் உறவினர்கள், புழுப்போல் மெலிந்த உடம்போடு நெளிந்து போகிறார்கள். கரையைச் சுத்தம் செய்யும்போது எவ்வளவு ஆழம் மணலைச் சலிக்கலாம் என்பதை முடிவு செய்ய இவர்களைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

ஐந்தாம் காலால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் இல்லை. கோபிபாட் இனங்களில் கணிசமான பங்கு மிதப்பதை விட்டுவிட்டு மற்ற உயிர்களின்மேல் ஒட்டிப் பிழைக்கிறது. கேரளத்தின் கிருஷ்ண பிள்ளை கடல் மீன்களின் ஒட்டுண்ணிக் கோபிபாட்களைப் பற்றி எழுதி விலங்கியல் அளவைத் துறை 1985இல் வெளியிட்ட நூலைத் தூக்கினால் கை வலிக்கும், அத்தனை பக்கம். கொடுவாவின் செவுளைக் கவ்வி இரத்தம் குடிப்பது லெர்னாந்த்ரோபஸ். பொரிப்பகத்தில் ஒரு கோபிபாடை ஊட்டிக் கொடுவாவை வளர்ப்பவர்கள், அது பெரிதானபின் கூண்டில் இன்னொரு கோபிபாடை அதன் செவுளிலிருந்து நீக்கப் பாடுபடுகிறார்கள். லெர்னீனிகஸ் பெண் இன்னும் ஒரு படி மேலே: சிறு மீனின் சதைக்குள் தலையைப் புதைத்து, வெளியே நூல்போலத் தொங்குகிறது. அதில் கோபிபாட் என்று அடையாளம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மீனை ஆயும்போது புழு என்று நினைத்து நறுக்கி எறிவோம். அதன் வால்பக்கம் தொங்கும் இரண்டு முட்டைச் சரத்தையும் நீரில் போட்டு வைத்தால் பொரித்து வருவது ஒற்றைக்கண் நாப்ளியஸ், துளியில் அக்கார்ட்டியாவுக்குப் பிறந்த அதே மாதிரி.

அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் வான் தாம்ஸன் என்ற இராணுவ மருத்துவர், சிப்பி என்று லின்னேயஸ் முதல் எல்லோரும் நம்பியிருந்த பார்னக்கிள் உண்மையில் இறால் வகை என்று கண்டுபிடித்து 1830இல் வெளியிட்டது இப்படித்தான். பெரியதைப் பார்த்து அல்ல, மெல்லிய துணிவலையில் அகப்பட்ட அதன் குஞ்சைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, அது எதுவாக வளர்கிறது என்று காத்திருந்து பார்த்து.